கடல் எல்லோருக்கும், சுமை ஊர்க்காரர்களுக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா நகருக்குக் கிழக்கே டைபீ என்றொரு சிறு தீவு இருக்கிறது. நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். கொரோனா பரவத் தொடங்கிய பதற்றத்தில், 2020 மார்ச் 20 அன்று அந்த ஊரின் நகர மன்றம் தன் கடற்கரையை மூடியது. அந்த முடிவு இரண்டே வாரம்தான் நிலைத்தது. ஏப்ரல் 3 முதல் நடைமுறைக்கு வந்த மாநில ஆளுநர் பிரையன் கெம்பின் ஊரடங்கு உத்தரவு, உள்ளாட்சிகள் தனித்தனியாகப் போட்டிருந்த தடைகளைச் செல்லாததாக்கியது. மாநிலமே வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில், உடற்பயிற்சிக்காகக் கடற்கரைக்குப் போகலாம் என்றானது. டைபீயின் மேயர் ஷெர்லி செஷன்ஸ் இதைப் பொறுப்பற்ற ஆணை என்று பகிரங்கமாகக் கண்டித்தார்.

அதே மாத இறுதியில் நாட்டின் மறுகரையில் நேர் எதிரான காட்சி. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் வெயில் கொளுத்திய ஒரு வார இறுதியில் கடற்கரைகள் நிரம்பின. ஆளுநர் கேவின் நியூசம் ஏப்ரல் 30 அன்று அந்த மாவட்டத்தின் கடற்கரைகளை மூட உத்தரவிட்டார். இம்முறை, திறந்தே வைத்திருப்போம் என்று ஊர் நின்றது. ஹன்டிங்டன் பீச் நகரம் நீதிமன்றத்துக்குப் போனது; மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஓர் ஊர் மூடச் சொன்னது, இன்னோர் ஊர் திறக்கச் சொன்னது. ஆனால் இரண்டு ஊர்களும் கேட்டது ஒன்றையே: எங்கள் கரையில் நடப்பதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பெருந்தொற்றுக் காலத்தில் உலகின் பல கடலோர ஊர்களில் வெளியூர்க் கூட்டத்தின் மீது எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தைக் கிருமி பற்றிய அச்சம் என்று மட்டும் படித்தவர்கள் அதன் பாதியைத்தான் படித்தார்கள். கூட்டத்தை வரவழைக்கும் முடிவு ஓரிடத்தில் எடுக்கப்படுகிறது. அதன் சுமை இன்னோரிடத்தில் இறங்குகிறது. நோய்க்கு முன்பும் இதுவே நடந்துகொண்டிருந்தது. நோய் அதை மறைக்க முடியாதபடி ஆக்கியது.

முதல் கட்டமான 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அச்சத்துக்கு உறுதியான அடிப்படை இருந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. விடுமுறைத் தலங்களின் மருத்துவமனைகள் நிரந்தரமாக வாழும் மக்களின் எண்ணிக்கையை வைத்துக் கட்டப்பட்டவை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நான்டக்கெட் தீவில் இருந்தது ஒரே ஒரு மருத்துவமனை, அதில் 14 படுக்கைகள். பெரு நகரங்களில் தொற்று பெருகியபோது, இத்தகைய தீவுகளில் கோடை வீடு வைத்திருந்தவர்கள் பருவத்துக்கு முன்பே வந்து சேர்ந்தார்கள். பிரான்சில் ஊரடங்கு தொடங்கிய நாட்களில் பாரிஸ்காரர்கள் அட்லான்டிக் கரையிலுள்ள நுவார்முத்தியே தீவுக்குப் பெருமளவில் கிளம்பினார்கள். தீவின் மக்கள்தொகை திடீரென்று ஏறத்தாழ இரு மடங்கானதாகச் செய்திகள் வந்தன. பரிசோதனைக் கருவி இல்லை, தடுப்பூசி இல்லை, யாரிடம் தொற்று இருக்கிறது என்று தெரிய வழியில்லை. கடைகளில் பொருள்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் ஒரு தீவுவாசி பாலத்தில் வரிசையாக வரும் கார்களைப் பார்த்துக் கலங்கியதை வெறுப்பு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

அந்தக் கலக்கம் சில இடங்களில் அரசின் நடவடிக்கையாகவே வடிவெடுத்தது. நார்த் கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைப் பகுதியை உள்ளடக்கிய டேர் கவுண்டி, மார்ச் 17 அன்று சாலைகளில் சோதனைச் சாவடி போட்டுச் சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பியது. மூன்று நாள் கழித்து, அங்கே வீடு வைத்திருந்தும் அங்கே நிரந்தரமாக வசிக்காதவர்களுக்கும் அனுமதி இல்லை என்றது. வரி கட்டுகிற வீட்டுக்குள் போக முடியாத உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தத் தற்காலிகத் தடை சொத்தைப் பறித்ததாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல்தான் தீர்ப்பளித்தது. புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீஸ் தீவுகள் மார்ச் 22 முதல் ஜூன் 1 வரை வெளியார்க்கு மூடப்பட்டிருந்தன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூயார்க் எண் பலகை கொண்ட கார்களைப் போலீசார் நிறுத்தினார்கள். கடலோர ஊர்களில் தேசியக் காவல் படையினர் வீடு வீடாகப் போய் வெளி மாநிலத்தவர்களைத் தனிமையில் இருக்கச் சொன்னார்கள். ஹவாய் மார்ச் 26 முதல், வருகிற எல்லோரும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்றது. ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் வந்துகொண்டிருந்த தீவுக்கூட்டம் அது.

சட்டம் தராத இடத்தில் சிலர் தாங்களே சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். மெய்ன் மாநிலத்தின் வினால்ஹேவன் தீவில், நியூஜெர்சி எண் பலகையோடு வந்தவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போகும் பாதையின் குறுக்கே யாரோ மரத்தை வெட்டிப் போட்டார்கள். அவர்கள் வெளியே வந்து நோயைப் பரப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அதே தீவில் தங்கி வேலை பார்த்துவந்தவர்கள் அவர்கள். அச்சம் நியாயமாகத் தொடங்கி, எண் பலகையைப் பார்த்தே ஆளை முடிவுசெய்யும் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கோடை வந்ததும் கூட்டத்தின் இயல்பு மாறியது. வசந்தத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். இரண்டாவது வீட்டின் சாவியோடு வந்து உள்ளே அடைந்துகொண்டவர்கள். கோடையில் வந்தவர்கள் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற குடும்பங்கள், மாதக்கணக்கில் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்த இளைஞர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தின் அடையாளமாக நிலைத்துவிட்ட பெயர் போர்ன்மத்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள அந்த நகரத்தில் 2020 ஜூன் 25 அன்று உள்ளாட்சி மன்றம், பேரிடரின்போது அறிவிக்கும் ‘பெரும் அசம்பாவித நிலை’யை அறிவித்தது. அதுவரை அந்த ஆண்டின் மிக வெப்பமான நாள் அது. சாலைகள் அடைபட்டன. கண்ட இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கு ஒரே நாளில் 558 அபராதச் சீட்டுகள் எழுதப்பட்டன. கடற்கரையிலிருந்து 33 டன் குப்பை அகற்றப்பட்டது. அந்தக் குப்பையை அள்ளப் போன ஊழியர்களைக் கூட்டத்தினர் திட்டினார்கள், மிரட்டினார்கள். நிலைமை கண்டு அதிர்ந்துபோனதாக மன்றத் தலைவர் விக்கி ஸ்லேட் சொன்னார். நாட்டின் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், தேவைப்பட்டால் கடற்கரைகளை மூடுவோம் என்று எச்சரித்தார்.

ஏன் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்தார்கள்? அவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்ற விடை உடனே கிடைத்தது. நாளிதழ்களின் முதல் பக்கம் அதைச் சொன்னது. ஆனால் அந்த வாரத்தில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்துக்கு வேறு என்னவெல்லாம் திறந்திருந்தன என்று பாருங்கள். உணவகங்களும் மதுக்கூடங்களும் ஜூலை 4 வரை மூடல். திரையரங்குகள் மூடல். நீச்சல் குளங்கள் மூடல். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வெளிநாடு போய்த் திரும்பினால் 14 நாள் தனிமை. விடுதியில் தங்க அனுமதி இல்லை. மே 13 முதல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் காரில் போய்த் திறந்தவெளியில் பொழுதைக் கழிக்கலாம் என்று மட்டும் அரசு சொல்லியிருந்தது. எல்லாக் கதவுகளையும் அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்துவிட்டு, அதில் நெரிசல் என்று வியந்துகொள்வதில் பொருள் இல்லை. சாலை அடைப்பதும் கூட்டம் பொங்குவதும் அந்த முடிவிலேயே அடங்கியிருந்தன.

அந்த முடிவை எடுத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். கடலோர உள்ளாட்சிகளுக்குத் தயாராக நேரம் தரப்படவில்லை. பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸ், சுகாதாரத்தில் தன் முடிவைத் தானே எடுக்கும் அதிகாரம் உள்ள நாடு. வீட்டருகிலேயே இருங்கள் என்ற விதியை ஜூலை தொடக்கம் வரை அது தளர்த்தவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த கார்களை அதன் போலீசார் திருப்பி அனுப்பினார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அனுமதி, அந்தப் பக்கம் அபராதம். அதிகாரம் இருந்த இடத்தில் வெளியூர்க் கார்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இல்லாத இடத்தில் மன்றத்தின் கையில் மிஞ்சியது அசம்பாவித அறிவிப்பு ஒன்றுதான்.

இப்போது அந்தப் புகைப்படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகெங்கும் கோபத்தை ஊட்டி வளர்த்தவை அவையே. தூரத்திலிருந்து நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸில் கடற்கரையை நீளவாக்கில் எடுத்தால், முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே உள்ள பல மீட்டர் இடைவெளி படத்தில் சுருங்கிவிடும். இதை நேரடியாகவே காட்டினார்கள் டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள். 2020 ஏப்ரலில் அவர்கள் ஒரே வரிசையை, ஒரே நேரத்தில், அகன்ற லென்ஸிலும் தொலை லென்ஸிலும் எடுத்து அருகருகே வைத்தார்கள். ஒன்றில் மக்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். மற்றொன்றில் தோளோடு தோள் இடிக்கிறார்கள்.

லென்ஸ் மட்டுமல்ல, சூழலும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் டர்டில் டோர் என்ற சுண்ணாம்புப் பாறை வளைவு ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. உயரம் சுமார் 200 அடி. 2020 மே 30 அன்று அதன் மேலிருந்து கடலில் குதித்தவர்களில் மூன்று பேர் படுகாயமடைந்தார்கள். மீட்பு ஹெலிகாப்டர்கள் மணலிலேயே இறங்க வேண்டியிருந்ததால், அங்கிருந்த எல்லோரையும் ஓரிடத்துக்கு ஒதுக்கிப் பிறகு கடற்கரையையே காலி செய்தார்கள். நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கூட்டத்தின் படம் உலகம் சுற்றியது. அன்று கூட்டம் மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் படத்தில் தெரிந்த அந்த நெரிசல், வழிவிடச் சொன்னதால் உண்டானது.

அப்படியானால் மணலில் நோய் பரவியதா? இங்கே அறிவியல் தெளிவாகவே இருக்கிறது. சீனாவில் தொற்றின் முதல் மாதங்களைச் சேர்ந்த 7,324 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்த ஆய்வாளர்கள், திறந்தவெளியில் நிகழ்ந்த பரவலாக ஒன்றே ஒன்றைக் கண்டார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் இரண்டு பேர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020 இறுதியில் தொற்றுநோய் இதழொன்றில் வெளியான கட்டுரை, தொற்றுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே திறந்தவெளியில் நிகழ்ந்தன என்றும், மூடிய இடங்களில் பரவும் வாய்ப்பு அதைவிட ஏறத்தாழ 19 மடங்கு என்றும் கணித்தது. மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் தங்கும். கடற்காற்று அவற்றை நொடியில் கலைத்துவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத் தொற்றுநோயியல் பேராசிரியர் மார்க் வூல்ஹவுஸ் 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு, தான் அறிந்த வரையில் உலகில் எங்குமே கடற்கரைக் கூட்டத்தால் நோய்ப் பரவல் ஏற்பட்டதாகப் பதிவு இல்லை என்று சொன்னார். போர்ன்மத் படங்கள் நாளிதழ்களை நிறைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது அப்போது.

இதிலிருந்து கடலோர ஊர்களில் ஆபத்தே இல்லை என்ற முடிவுக்குத் தாவினால் அதுவும் தவறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்ப முனையில் இருக்கும் பிராவின்ஸ்டவுன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை 4 விடுமுறையையொட்டி அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த மாதத்தின் முதல் பாதியில் அங்கே போய்வந்த மாசசூசெட்ஸ்காரர்களில் 469 பேருக்குத் தொற்று. அவர்களில் 346 பேர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள். தொற்றியது எங்கே? மதுக்கூடங்களில், உணவகங்களில், நெருக்கமாகத் தங்கிய வாடகை வீடுகளில். அடுத்த மாதம் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலின் நியூகீ நகரில் நடந்த போர்ட்மாஸ்டர்ஸ் இசை, அலைச்சறுக்கு விழாவோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட தொற்றுகள் ஏறத்தாழ 4,700. பெரும்பாலோர் 16 முதல் 21 வயதுக்காரர்கள். அது திறந்தவெளி விழாதான். ஆனால் பல நாட்கள் கூடாரங்களில் சேர்ந்து உறங்கி, மேடை முன்னால் முண்டியடித்து, இரவெல்லாம் ஒன்றாகக் குடித்த கூட்டம். மணலில் துண்டு விரித்து உட்கார்ந்த குடும்பத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இடத்தைத் தவறாகக் குறிவைத்தால் என்ன நடக்கும் என்பதை ஸ்பெயினின் ஸாரா டி லாஸ் அத்துனெஸ் கிராமம் காட்டியது. ஆறு வாரம் வீட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளை 2020 ஏப்ரல் இறுதியில் வெளியே விட அரசு அனுமதித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் அவர்களைக் காப்பதாக எண்ணி டிராக்டர்களில் ப்ளீச் கரைசலைக் கொண்டுபோய்க் கடற்கரை முழுக்கத் தெளித்தார்கள். கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. மணல்மேடுகளில் முட்டையிட்டிருந்த பறவைகளின் கூடுகளும் பூச்சிகளும் அழிந்ததாகச் சூழலியலாளர்கள் குற்றம்சாட்டினார்கள். இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது. குழந்தைகள் மீது அக்கறை கொண்டவர்கள்தான் அதைச் செய்தார்கள். அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை.

இந்த அறிவியலைக் காட்டி, பார்த்தீர்களா, ஊர்க்காரர்கள் வீணாகக் கத்தினார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அங்கேதான் நான் முரண்படுகிறேன். போர்ன்மத்தில் அகற்றிய 33 டன்னில் எவ்வளவு நோய் இருந்தது என்பது ஒரு கேள்வி. அந்த 33 டன்னை யார் தூக்கினார்கள் என்பது வேறு கேள்வி. நோய் அச்சம் விலகிய பிறகும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

பொதுக் கழிப்பறைகளை எடுத்துக்கொள்வோம். தொற்று அச்சத்தாலும் ஆள் பற்றாக்குறையாலும் 2020 கோடையின் தொடக்கத்தில் பல கடற்கரைகளில் அவை பூட்டியே கிடந்தன. உணவகங்களும் மூடியிருந்தன. பல மணி நேரம் பயணம் செய்து குழந்தைகளோடு வந்தவர்கள் எங்கே போவார்கள்? மணல்மேட்டுக்கும் வேலியோரத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் போனார்கள். காலையில் எழுந்து தன் வாசலில் அதைப் பார்த்த ஒருவரிடம் போய்க் காற்றில் நுண்துளிகள் கலைவதை விளக்கிப் பயன் என்ன? அவருடைய கோபத்துக்குப் பெயர் வைக்க அன்று கிடைத்த ஒரே சொல் கொரோனா. அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால்தான் அதிகாரிகள் காது கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் ஊரில் குப்பை என்று பல கோடைகளாகச் சொல்லியும் கிடைக்காத கவனம், எங்கள் ஊரில் நோய் என்றதும் கிடைத்தது.

உயிர்காப்பாளர்கள் விஷயம் இன்னும் தீவிரமானது. பிரிட்டனில் கடற்கரை உயிர்காப்புப் பணியைச் செய்வது ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளை. பெருந்தொற்று தொடங்கியதும் ஆட்களைப் பணியமர்த்துவதையும் பயிற்சியையும் அது நிறுத்திவைத்திருந்தது. பயணத் தடை தளர்ந்தபோது அதன் காவலில் இருந்தவை மிகச் சில கடற்கரைகளே. அந்தக் கோடைக்குள் சுமார் 170 கடற்கரைகளில், அதாவது வழக்கமானவற்றில் 70 சதவீத இடங்களில், காவல் வைக்க அது திட்டமிட்டது. கூட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை. மே இறுதி விடுமுறையில் கார்ன்வால் கடலில் உயிரிழப்புகள் நேர்ந்தன. நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். முதல்முறை வருகிறவருக்குத் தெரியாது. அவரைக் காப்பாற்றக் கடலில் இறங்குகிறவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். வாகனங்கள் இரு பக்கமும் அடைத்து நிற்கும் ஒற்றைச் சாலையில் ஆம்புலன்ஸ் வராமல் தவிப்பவரும் அவரே. இவை அனைத்தும் நோயைவிட உடனடியான ஆபத்துகள். கிருமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இவற்றுக்கு உரிய கவனம் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் என்று ஒரே கூட்டமாகச் சொல்லிவருகிறேன். அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. தங்கும் விடுதி நடத்துபவர், அதில் படுக்கை விரிக்கும் பெண், ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்து வீடு வாங்கியவர், வாடகை ஏறியதால் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும் இளம் ஆசிரியர் என எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். 2020 ஈஸ்டருக்கு வர வேண்டாம் என்று கார்ன்வாலின் சுற்றுலா அமைப்பே கேட்டுக்கொண்டது. அதே அமைப்பின் உறுப்பினர்கள் பிழைத்திருக்கக் கோடையில் கூட்டம் வந்தாக வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பிளவு வெளிப்படையாகவே வெடித்தது. 2020 டிசம்பரில், ஆண்டின் உச்ச விடுமுறைக் காலத்தில், கிழக்கு கேப் மாகாணத்திலும் கார்டன் ரூட் பகுதியிலும் கடற்கரைகளை மூடுவதாக அதிபர் சிரில் ராமபோசா அறிவித்தார். எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அப்பகுதி மக்களும் இருந்தார்கள். ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை அந்த ஒரு மாதத்தில் ஈட்டுகிறவர்கள் அவர்கள். வழக்கில் தோற்றார்கள், பிப்ரவரி தொடக்கம் வரை பல கரைகள் மூடியே இருந்தன.

வெளியூர்க்காரர்களைத் தடுங்கள் என்ற கோரிக்கையை நான் முழு மனதோடு ஏற்க முடியாததற்குக் காரணம் வரலாறு. கடலும் கடற்கரையும் காற்றைப் போல எல்லோருக்கும் பொது என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு எழுதிவைத்தது. இன்று பல நாடுகளின் சட்டத்தில், அலை ஏறி இறங்கும் ஈர மணல் பொதுச் சொத்து என்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஈர மணலை அடைய உலர் மணலைக் கடக்க வேண்டும், காரை நிறுத்த இடம் வேண்டும். பொதுச் சொத்தைப் பூட்டுவதற்கான சாவி எப்போதும் அந்த வழியில்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசதியான ஊர்கள் தம் பூங்காக் கடற்கரைகளை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் என்று பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. கிரீனிச் நகரின் அத்தகைய விதியை மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் செல்லாது என்றது. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் 1912-இல் வாங்கி நடத்திய கடற்கரை விடுதியை, பூங்கா அமைப்பதாகக் காரணம் காட்டி 1920-களில் நகரம் பறித்தது. அந்த நிலம் அவர்கள் வாரிசுகளிடம் திரும்பியது 2022-இல். மிசிசிப்பியின் பிலாக்சி கடற்கரையில் கால் நனைக்கும் உரிமைக்காகக் கறுப்பின மக்கள் 1959 முதல் போராடி அடி வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவிலோ தோலின் நிறத்தை வைத்துக் கடற்கரையைப் பிரித்த சட்டம் 1953 முதல் 1990 வரை நடைமுறையில் இருந்தது.

2020 கோடையில் நியூயார்க் நகரம் தன் கடற்கரைகளில் நீந்தத் தடை விதித்திருந்தபோது, அதை ஒட்டிய நாசாவ் கவுண்டி தன் கடற்கரையைத் தன் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. கூட்டம் பொங்கிவிடுமென்ற அதன் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த விதியின் மறுபக்கத்தில் நின்றவர்கள் யார்? தோட்டமோ மாடியோ இல்லாத சிறு வீடுகளில், நோயின் முதல் அலையில் மிக அதிகமாக இறந்துபோன தொழிலாளர் குடும்பங்கள். திறந்தவெளிக் காற்று அவர்களுக்கு ஆடம்பரமல்ல. அந்த நோய்க்கு எதிராக எளிதில் கிடைத்த பாதுகாப்பு அதுவே. கதவை மூடும்போது சுமை குறைகிறது என்பது சரி. ஆனால் அந்தச் சுமை, ஏற்கெனவே நொந்துபோன தோளுக்கு மாறுகிறது.

மூடுவதற்கும் முழுக்கத் திறந்துவிடுவதற்கும் நடுவே வழி இருக்கிறதா? இருக்கிறது, அதைப் பெருந்தொற்றுக்கு முன்பே சில ஊர்கள் கண்டிருந்தன. ஹவாயின் காவாய் தீவில் உள்ள ஹாயேனா பூங்கா 2018 ஏப்ரல் வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டு மூடப்பட்டது. அதற்கு முன் நாளொன்றுக்கு 3,000 பேர் வரை வந்துகொண்டிருந்த இடம். ஓராண்டுக்கு மேல் கழித்து மீண்டும் திறந்தபோது, வருகையாளர் எண்ணிக்கை நாளுக்கு 900 என்று வரையறுக்கப்பட்டது. முன்பதிவு கட்டாயம், ஹவாய் மக்களுக்கு முன்பதிவும் கட்டணமும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தையும் சிற்றுந்துச் சேவையையும் நடத்துவது உள்ளூர் மக்களின் அமைப்பு. வருமானமும் அங்கேயே தங்குகிறது. ஓவாஹு தீவின் ஹனௌமா விரிகுடா இதைப் பெருந்தொற்றின்போது பின்பற்றியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட அந்த இடத்தில், மனிதக் கால் படாத மாதங்களில் நீர் தெளிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். டிசம்பரில் திறந்தபோது நாளுக்கு 720 பேர் மட்டும், வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. வெளியூர்க்காரர்களின் கட்டணம் ஏழரை டாலரிலிருந்து 12 டாலராகவும் அடுத்த ஆண்டு 25 டாலராகவும் உயர்ந்தது. இத்தாலியின் சார்டினியா தீவில் லா பெலோசா கடற்கரை 2020 கோடை முதல் நாளுக்கு 1,500 பேருக்கு மட்டும் இடம் தருகிறது. கட்டணம் மூன்றரை யூரோ.

இந்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை வரம்பு அல்ல. வசூலாகும் பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் அந்த ஊரிலேயே இருக்கின்றன என்பது. ஹாயேனாவில் வண்டி ஓட்டுபவரும் சீட்டுச் சரிபார்ப்பவரும் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள். அவர்களுக்கு வருகையாளர் வேலை தருகிறவர். வரவும் செலவும் ஒரே கணக்கில் விழும்போது கோபத்தின் தன்மையே மாறிவிடுகிறது. இதற்குக் குறையும் உண்டு: இணையத்தில் முன்பதிவு திறக்கும் நொடியில் காத்திருக்கத் தெரிந்தவருக்கே இடம்; 25 டாலர் பெரியவர்கள் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நூறு டாலராகிவிடும். ஒரு வாயில் கொண்ட விரிகுடாவில் இது சாத்தியம். எங்கிருந்தும் இறங்கக்கூடிய, பல கிலோமீட்டர் நீளும் போர்ன்மத் போன்ற மணல்வெளியில் வாயில் எங்கே வைப்பது?

அத்தகைய கரைகளுக்கு ஏற்ற தீர்வுகள் கவர்ச்சியற்றவை: அதிகாலை முதல் இரவு வரை திறந்திருக்கும் கழிப்பறை, நாளுக்குப் பலமுறை காலியாகும் குப்பைத்தொட்டி, ஊருக்கு வெளியே வாகன நிறுத்துமிடம், அங்கிருந்து கரைக்குப் பஸ், பருவம் முழுக்க உயிர்காப்பாளர். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், அதுவும் கூட்டம் வருவதற்கு முன்பே வேண்டும். இங்கேதான் முடிச்சு இறுகுகிறது. வேல்ஸ் நாடாளுமன்றம் 2025-இல், வருகையாளர் வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குத் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. 2027-க்கு முன்பு அது வசூலுக்கு வராது. ஆனால் அந்த வரி இரவு தங்குகிறவர்களுக்குத்தான். தங்குகிறவர்கள் ஊரில் சாப்பிடுகிறார்கள், அறைக்குப் பணம் கட்டுகிறார்கள், விடுதியின் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள். 2020 ஜூன் 25 அன்று போர்ன்மத்தைத் திணறடித்தவர்கள் காலையில் வந்து இரவில் திரும்பியவர்கள். அவர்களுக்கான செலவை இன்றும் பெரும்பாலான கடலோர ஊர்கள் உள்ளூர் வரியிலிருந்தும் வாகன நிறுத்தக் கட்டணத்திலிருந்தும்தான் ஈடுகட்டுகின்றன. எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று நாடு முழுவதற்கும் ஒரே மாலையில் அறிவிக்க முடிகிற அரசுகள், அந்த அறிவிப்போடு சேர்த்து அந்த ஊர்களின் கணக்கில் பணத்தையும் போட முடியும். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லவும் முடியும். அன்று கோபப்பட்ட ஊர்கள் கேட்டதில் மிக எளிதாகத் தரக்கூடியவை இவை இரண்டும்தான்.